கிராபீன் உணரியும் நோய் கண்டறிதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கிராபீன் உணரி நோயைக் கண்டுபிடிக்கும் என்று கைபேசியில் யாராவது ஒரு காணொளியை அனுப்பிவிட்டால் போதும், அடுத்த நாள் இரத்தம் கொடுக்க வருபவர்கள் கையை நீட்டும்போதே கேள்வியும் வந்துவிடும். சனிக்கிழமைகளில் வந்து நிற்கும் உயர்தரப் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே. ஒரே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருவதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

உந்த கிராபீன் எண்டா என்ன, மிஸ்? பென்சில் கரியும் அதுவும் ஒண்டுதானோ?

பாதி சரி. பென்சிலுக்குள் இருக்கும் காரீயம் (கிரபைற்று) என்பது காபன் அணுக்களாலான தாள்கள் அடுக்கடுக்காகக் கிடப்பது. அந்த அடுக்கிலிருந்து ஒரேயொரு தாளைத் தனியே எடுத்தால் அது கிராபீன். தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.34 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள காரீயத்தில் சுமார் 30 இலட்சம் தாள்கள் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கைம், கொன்ஸ்தந்தீன் நொவோசெலோவ் குழுவினர் செலோரேப்பால் காரீயத்தை ஒட்டி ஒட்டி உரித்தே இதைப் பிரித்தெடுத்தார்கள். 2010இல் இருவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சொன்னதும் "நானும் உரிக்கிறன்" என்று கிளம்பும் பெடியன்கள் உண்டு. உரிப்பது சுகம். உரித்ததில் எது ஒற்றைத் தாள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை, ஏனென்றால் ஒரு தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 2.3 வீதத்தைத்தான் உறிஞ்சும். சிலிக்கன் தகட்டின்மேல் சரியான தடிப்பில் ஒட்சைட்டுப் படை ஒன்று இருந்தால்தான் நுணுக்குக்காட்டியில் அது மெல்லிய நிற வேறுபாடாகவாவது தெரியும்.

கிராபீன், கிராபீன் ஒட்சைட்டு, குவாண்டம் புள்ளி எண்டு ஆளுக்கொரு பேர் சொல்லினம். எல்லாம் ஒரு சாமானோ?

ஒரு குடும்பம், குணம் வேறு. உயர்தரமான ஒற்றைத் தாளை மெதேன் வாயுவை ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் செப்புத் தகட்டின்மேல் செலுத்தி வளர்க்கிறார்கள். மின்னை மிக நன்றாகக் கடத்தும், விலை அதிகம், வேறொரு தகட்டுக்கு மாற்றும்போது கிழியும், சுருங்கும்.

கிராபீன் ஒட்சைட்டு காரீயத்தைக் கடும் அமிலத்திலும் பொற்றாசியம் பெர்மாங்கனேற்றிலும் போட்டு ஒட்சியேற்றி எடுப்பது. தாள் முழுவதும் ஒட்சிசன் கூட்டங்கள் ஒட்டியிருப்பதால் தண்ணீரில் நன்றாகக் கலக்கும், ஆனால் மின்னைக் கடத்தாது. அதைத் தாழ்த்தி ஒட்சிசனில் பெரும்பகுதியை அகற்றினால் ஓரளவு கடத்தும். செலவு குறைந்த உணரிகள் பலவற்றில் இருப்பது இந்தத் தாழ்த்திய வகைதான். குவாண்டம் புள்ளி என்பது சில நனோமீற்றர் அளவுத் துண்டு, புறஊதாக் கதிர் பட்டால் ஒளிரும். கிராபீன் ஒட்சைட்டோ நேர்மாறு, பக்கத்தில் வரும் ஒளிரும் மூலக்கூறுகளை அணைத்துவிடும். இரண்டு குணத்தையும் வைத்து உணரி செய்கிறார்கள். ஆகவே "கிராபீன் உணரி" என்று யாராவது சொன்னால் முதலில் எந்தக் கிராபீன் என்று கேளுங்கள்.

கிராபீன் நோயை எப்பிடிக் கண்டுபிடிக்குது?

அது கண்டுபிடிப்பதில்லை. இந்த ஒரு வரியை விளங்கிக்கொண்டால் இந்த விசயத்தில் பாதிக் குழப்பம் தீரும். டெங்கு வைரசின் புரதத்தையும் முட்டையின் புரதத்தையும் கிராபீனுக்கு வேறுபிரிக்கத் தெரியாது. அதன்மேல் நாம் ஒட்டிவைக்கும் பிடிப்பான்தான் ஆளைத் தெரிவு செய்கிறது. அன்டிபொடி, நொதியம், டி.என்.ஏ. இழை, அப்டமர் எனப்படும் குறுகிய நியூக்கிளிக்கமில இழை, இவற்றில் ஒன்றாக அது இருக்கலாம். தூண்டிலில் மீனைப் பிடிப்பது இரையும் முள்ளும், இழுவையைக் கைக்குச் சொல்வது தங்கூசி. கிராபீன் அந்தத் தங்கூசி.

அது ஏன் நல்ல தங்கூசி? சாதாரண கடத்தியில் மின் பெரும்பாலும் உள்ளே ஓடும், மேற்பரப்பில் ஏதாவது வந்து ஒட்டினால் உள்ளே பெரிதாகத் தெரியாது. கிராபீனில் உள்ளே என்று ஒரு இடமே இல்லை, ஒவ்வொரு அணுவும் மேற்பரப்பில்தான். மின்னேற்றமுள்ள ஒரு மூலக்கூறு வந்து பிடிபட்டதும் தாளில் ஓடும் மின்னோட்டம் கூடும் அல்லது குறையும். அந்த மாற்றத்தை அளப்பது திரான்சிஸ்டர் வகை உணரி. இன்னொரு வகையில் கிராபீன் மின்வாயாக நிற்கும், இரசாயனத் தாக்கத்தில் வெளிவரும் இலத்திரன்களை வாங்கி அளக்கும்.

எங்கட நாட்டுக் காரீயம் உலகத்திலயே திறமாம். அப்ப நாங்கள் பெரிய ஆக்கள் ஆகலாம்தானே?

திறம்தான். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பது நாளக் காரீயம், பாறை வெடிப்புகளுக்குள் நரம்புபோல ஓடும் வகை. காபன் தூய்மை மிக உயர்ந்தது, வணிக அளவில் இந்த வகை வேறெங்கும் தோண்டப்படுவதில்லை. ஹோமாகமவில் உள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் இதிலிருந்து கிராபீன் ஒட்சைட்டு செய்யும் முறைகளில் வேலை செய்திருக்கிறது.

ஆனால் உணரியை நம்பிக் காரீயத்துக்குக் கிராக்கி வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கிராம் கிராபீனை ஒற்றைத் தாளாக விரித்தால் ஏறத்தாழ 1300 சதுர மீற்றர் வரும். எங்கள் கணக்கில் ஐந்து பரப்புக் காணி. ஒரு உணரிக்கு வேண்டியது ஒரு சதுர மில்லிமீற்றரோ அதைவிடக் குறைவோ. ரயர், கொங்கிறீற்று, பற்றரி என்று போனால் தொன் கணக்கில் தேவைப்படும், அது வேறு கதை. உணரியில் காசு பிடிப்பானிலும் வாசிக்கும் கருவியிலும் நோயாளர்மேல் நடத்தும் சோதனைகளிலும்தான் இருக்கிறது.

அப்ப வீட்டில சீனி பார்க்கிற மெசின்லயும் கிராபீனோ இருக்கு?

இல்லை. அந்த ஸ்ட்ரிப்பில் குளுக்கோசைத் தாக்கும் நொதியம் ஒன்றும், இலத்திரனைக் கடத்திவிடும் ஒரு சேர்வையும், காபன் மையாலோ உலோகத்தாலோ அச்சிட்ட மின்வாயும் இருக்கும். நொதியத்தையும் மின்வாயையும் சேர்த்துக் குளுக்கோசு அளக்கலாம் என்று கிளார்க்கும் லயன்சும் காட்டியது 1962இல். அறுபது வருடமாகத் திருத்தித் திருத்தி வந்த முறை, மலிவு, போதிய அளவு சரி. அதைத் தள்ளிவிட்டுக் கிராபீனை வைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், இப்போதைக்கு இல்லை.

ஊசி குத்தாமல் வியர்வையில சீனி பார்க்கலாம் எண்டு கனடாவில இருந்து மச்சாள் வீடியோ அனுப்பினவ. உண்மையோ?

ஆராய்ச்சி உண்மை. 2016இல் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு ஒன்று தங்கம் கலந்த கிராபீனில் தோலில் ஒட்டும் ஒரு துண்டைச் செய்தது. வியர்வையில் குளுக்கோசை அளந்து, தேவைப்பட்டால் நுண்ணூசிகள் வழியாக மெற்போமின் என்ற நீரிழிவு மருந்தை உள்ளே விடும். மருந்து விடும் பகுதியைச் சுண்டெலிகளில் காட்டினார்கள். அந்தத் துண்டில் வியர்வையின் அமிலத்தன்மை, வெப்பநிலை, ஈரப்பதன் ஆகியவற்றைப் பார்க்கவும் தனித்தனி உணரிகள் இருந்தன, காணொளியில் அது வராது. அவை இல்லாமல் குளுக்கோசு எண்ணுக்குப் பெறுமதியே இல்லை.

ஏனென்றால் வியர்வையில் குளுக்கோசு இரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அதுவும் எவ்வளவு வேகமாக வியர்க்கிறது, தோலில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். சித்திரை வெயிலில் சைக்கிளில் வந்து இறங்கியவருக்கும் மின்விசிறிக்குக் கீழே இருந்தவருக்கும் ஒரே இரத்தச் சீனி இருந்தாலும் வியர்வை ஒன்றாக இராது. இன்சுலின் போடுபவர் இந்த எண்ணை வைத்து அளவைக் கூட்டிக் குறைக்கக் கூடாது.

டெங்கு, எலிக்காய்ச்சல் எண்டு உடன சொல்ல ஏலுமோ? அதுதானே எங்களுக்குத் தேவை.

தேவைதான். 2024 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு இங்கே காய்ச்சலால் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது, எலிக்காய்ச்சல் என்று ஆய்வுகூடம் உறுதி செய்யும்வரை ஊரெல்லாம் "மர்மக் காய்ச்சல்" என்றே கதை. எலிக்காய்ச்சலில் அன்டிபொடி தெளிவாக எழும்ப ஒரு கிழமைபோல ஆகும், முதல் நாட்களில் கிருமியின் டி.என்.ஏ.வைத்தான் தேட வேண்டும். அதற்கு இன்று டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை வேண்டும், பி.சி.ஆர். எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் கிராபீன் எனக்கு நம்பிக்கை தருகிறது. 2019இல் கலிபோர்னியாவில் ஒரு குழு, குறித்த டி.என்.ஏ. துண்டைத் தேடிப் பிடிக்கும் கிரிஸ்பர் புரதத்தைக் கிராபீன் திரான்சிஸ்டரின்மேல் ஒட்டி, டி.என்.ஏ.வைப் பெருக்காமலே ஏறத்தாழ 15 நிமிடத்தில் தேடிய துண்டைக் கண்டது. அவர்கள் தேடியது ஒரு தசைநலிவு நோயின் மரபணுப் பிழை, எலிக்காய்ச்சல் இல்லை. ஆனால் அந்தப் புரதத்துக்கு வழிகாட்டும் இழையை மாற்றினால் வேறு இலக்கைத் தேடலாம்.

டெங்கைப் பொறுத்தவரை இவ்வளவு உற்சாகம் எனக்கில்லை. முதல் நாட்களுக்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 ஸ்ட்ரிப் ஏற்கெனவே இருக்கிறது, 20 நிமிடத்துக்குள் சொல்லிவிடும். அதற்குப் பிறகு வைத்தியர் கவலைப்படுவது இரத்தவட்டுக்களின் எண்ணிக்கையையும் இரத்தம் தடிப்பதையும் பற்றி. அதைக் கிராபீன் உணரி சொல்லாது, எங்கள் செல் கவுண்டர்தான் சொல்லும்.

ஒரு மூலக்கூறையே பிடிக்குமாம். அப்பிடியெண்டா ஏன் இன்னும் கடைக்கு வரேல்லை?

நல்ல கேள்வி, கேட்டவர் பல்கலைக்கழகப் பிள்ளை. 2007இல் மான்செஸ்டர் குழுவினர் கிராபீனில் வாயு மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுவதையும் விலகுவதையும் காட்டியது உண்மைதான். அது வாயு, சுத்தம் செய்த தாள். எங்களிடம் வருவது இரத்தம். இரத்தத் திரவவிழையத்தில் அல்புமின் ஒரு லீற்றருக்கு 40 கிராம் அளவில் இருக்கிறது. மாரடைப்புக்குத் தேடும் ட்ரோபோனின் ஒரு லீற்றருக்குச் சில பத்து நனோகிராம். நூறு கோடி மடங்கு வித்தியாசம். அல்புமினுக்கோ கிராபீனில் ஒட்ட மிகவும் பிடிக்கும். பிடிப்பான்களுக்கு இடையில் தெரியும் வெற்றிடத்தையெல்லாம் முதலிலேயே வேறொன்றால் மூடாவிட்டால், ஒட்டியது யார் என்று தெரியாத ஒரு சைகைதான் மிஞ்சும்.

அடுத்தது உப்பு. இரத்தத்தில் உள்ள அயன்கள் எந்த மின்னேற்றத்தையும் சூழ்ந்து மறைத்துவிடும். அதன் செல்வாக்கு ஒரு நனோமீற்றருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அன்டிபொடியின் நீளமோ பத்து நனோமீற்றர் அளவு. ஆகவே அதன் நுனியில் பிடிபட்ட புரதத்தின் மின்னேற்றம் தாளுக்குத் தெரிவதே இல்லை எனலாம். மாதிரியை ஐதாக்குவது, அன்டிபொடிக்குப் பதில் குட்டையான அப்டமரைப் போடுவது, தாளையே கசக்கிச் சுருக்கம் வைப்பது என்று வழிகள் தேடுகிறார்கள். தென்கொரியாவில் 2020இல் கொவிட் வைரசின் முட்புரதத்துக்குச் செய்த உணரி இதற்கு நேர்மையான உதாரணம். சுத்தமான தாங்கல் கரைசலில் மில்லிலீற்றருக்கு 1 பெம்ரோகிராம் (நனோகிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வரை கண்டது. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியை வைக்கும் ஊடகத்தில் 100 பெம்ரோகிராம் வேண்டியிருந்தது. செய்தியில் வருவது எப்போதும் முதல் எண்.

மூன்றாவது, சாமானின் தரம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு 60 உற்பத்தியாளர்களின் "கிராபீன்" தூளை வாங்கிச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் உண்மையான கிராபீன் பத்து வீதத்தைக்கூட எட்டவில்லை, மிச்சம் மெல்லிய காரீயம். இந்த மாதம் வாங்கிய தூளும் அடுத்த மாதத் தூளும் வேறாக இருந்தால் ஒரே விடை தரும் உணரி எப்படி வரும்?

நாலாவதை எந்தக் கட்டுரையிலும் காணவில்லை, எங்கள் மேசையில் காண்கிறேன். தூரத்து எடுப்பு நிலையத்திலிருந்து மதிய வெயிலில் குலுங்கி வந்த குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே நிற்கும் திரவம் வைக்கோல் நிறத்தில் இராது, ரோசாவாக இருக்கும். செங்குருதிக் கலங்கள் உடைந்திருக்கின்றன. அந்தக் குழாயில் பொற்றாசியம் பார்த்தால் பொய்யாகக் கூடிக் காட்டும், திரும்ப எடுக்கச் சொல்லி அனுப்புவோம். நிறத்தைப் பார்க்க ஆள் இல்லாத சின்ன உணரி அதை எப்படி அறியும் என்பதற்கு யாராவது விடை வைத்திருக்க வேண்டும்.

கொரோனா ஊசிக்குள்ள கிராபீன் போட்டவங்களாமே?

இல்லை. தடுப்பூசிகளின் சேர்மானப் பட்டியல் பகிரங்கமாக இருக்கிறது, அதில் கிராபீனும் இல்லை, கிராபீன் ஒட்சைட்டும் இல்லை. ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டியது என்று சொன்னால் அதற்கு வியர்வையும் தோலின் எண்ணெயும்தான் காரணம்.

உடம்புக்கு நஞ்சில்லையோ?

எந்த வகை, எந்த அளவு, எந்த வழியாக என்பதைப் பொறுத்தது. முன்பு சொன்னபடி ஒரு குடும்பத்தில் பல குணம். 2021இல் கனடாவின் சுகாதாரத் திணைக்களம் கிராபீன் பூசிய முகக்கவசங்களைத் திரும்பப் பெறச் சொன்னது, துகள் நுரையீரலுக்குள் போகலாம் என்ற அச்சத்தால். 2024இல் வெளியான ஆய்வொன்றில் 14 தொண்டர்கள் மிக மெல்லிய, தூய கிராபீன் ஒட்சைட்டைக் கட்டுப்பாட்டுடன் சுவாசித்தார்கள், உடனடிப் பாதிப்பு எதுவும் காணப்படவில்லை. நீண்டகாலத்துக்கு அது பதில் சொல்லாது.

விரலில் குத்தி ஒரு சொட்டு விடும் உணரியில் கிராபீன் உங்கள் உடம்புக்குள் போகவே போகாது. தூளைக் கையாளும் தொழிலாளருக்குத்தான் கவசம் வேண்டும். உள்ளே வைப்பதும் தொடங்கிவிட்டது. 2024இல் மான்செஸ்டரில் மூளைக் கட்டி சத்திரசிகிச்சையின்போது கிராபீன் மின்வாய்த் தகடு ஒன்றை முதன்முறையாக மனித மூளையின்மேல் வைத்துப் பார்த்தார்கள்.

மாமா லண்டனில இருந்து கிராபீன் பெல்ற் ஒண்டு அனுப்பினவர். பிரசரும் சீனியும் குறைக்குமாம். கட்டலாமோ?

இடுப்பு நோவுக்குச் சூடு பிடிக்கக் கட்டுங்கள். பெரும்பாலும் அது கிராபீன் படலம் வைத்த சூடாக்கி, உணரியே இல்லை. மருத்துவக் கருவி என்று விற்பதானால் இங்கே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவு இருக்க வேண்டும். குளிசையை நிற்பாட்ட வேண்டாம்.

எங்களிட்ட பெரிய ஆய்வுகூடம் இல்லை. இருந்தும் ஒரு புரொஜெக்ட் செய்ய ஏலுமோ?

ஏலும். 2014இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரூர் குழுவினர், பொலியிமைட்டுப் பிளாஸ்ரிக்கின்மேல் காபனீரொட்சைட்டு லேசரை ஓட்டினால் அந்த இடம் நுண்துளைக் கிராபீனாக மாறுவதைக் காட்டினார்கள். அதே வகை லேசர் எங்கள் நகரில் கேடயமும் பெயர்ப்பலகையும் வெட்டும் கடைகளில் இருக்கிறது. வேண்டியது கப்டன் ரேப் (பொலியிமைட்டு ஒட்டுநாடா), கடைக்காரரின் பொறுமை, நல்ல காற்றோட்டம். பி.வி.சி.யை மட்டும் லேசருக்குக் கீழே வைக்காதீர்கள், குளோரின் கலந்த நச்சுப்புகை வரும். மின்வாயை வாசிக்கும் பொட்டென்சியோஸ்ராற்றை 80 டொலருக்குள் கட்டும் திறந்த வரைபடம் 2011இலேயே வந்துவிட்டது, சீப்ஸ்ராற் என்று பெயர்.

ஆனால் இரத்தத்தில் தொடங்காதீர்கள். ஒழுக்கநெறி அனுமதி வேண்டும், மேலே சொன்ன அல்புமின் தொல்லையும் உண்டு. கிணற்றுத் தண்ணீரில் தொடங்குங்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்துப் பசளையும் மலக்குழிக் கசிவும் நேரே நிலத்தடி நீருக்கு இறங்கும். நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளுக்கு அந்த எண் முக்கியம். ஒரு எச்சரிக்கை: நைத்திரேற்றுக்கென்று மின்வாயின்மேல் போடும் மென்சவ்வு குளோரைட்டையும் கொஞ்சம் பிடிக்கும். உவர்க் கிணற்றில் அது பெரிய பிழையாகும். வலிகாமத்தில் ஒரு நன்னீர்க் கிணறும் கரையோரத்தில் ஒரு உவர்க் கிணறும் எடுத்து ஒப்பிட்டாலே நல்ல புரொஜெக்ட்.

99 வீதம் சரியாம். அப்ப பொசிற்றிவ் வந்தா வருத்தம் எண்டுதானே அர்த்தம்?

இல்லை, இதில் தாதியரும் தடுமாறுவார்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு மட்டும் ஒரு நோய் இருக்கிறது என்று வையுங்கள். உணரி நோயுள்ளவரில் 99 வீதத்தைப் பிடிக்கும், ஆனால் நோயில்லாதவரில் 5 வீதத்தையும் தவறாகப் பொசிற்றிவ் என்று சொல்லும். பத்துப் பேரும் பிடிபடுவார்கள். மிச்சம் 990 பேரில் ஏறத்தாழ 50 பேரும் சேர்ந்து பிடிபடுவார்கள். பொசிற்றிவ் வந்த 60 பேரில் ஆறில் ஒருவருக்குத்தான் நோய்.

அதே கருவியை நோய் பரவும் காலத்தில், ஆயிரத்தில் 400 பேருக்கு நோயுள்ள காய்ச்சல் வாட்டில் வைத்தால் கணக்கு தலைகீழாகும். 396 உண்மை, 30 பொய், பொசிற்றிவ் வந்தவர்களில் நூறில் 93 பேருக்கு விடை சரி. கருவி மாறவில்லை, யாரில் பார்க்கிறோம் என்பதுதான் மாறியது. மிகச் சிறிய அளவைக் காணும் திறன், முந்திய ஒரு கேள்வியில் சொன்ன பெம்ரோகிராம், இந்தக் கணக்கை ஒரு துளியும் திருத்தாது. பொய்ப் பொசிற்றிவைக் குறைப்பது நல்ல பிடிப்பானும், வெற்றிடத்தை மூடும் வேலையும்தான்.

உது வந்தா உங்கட லாப் பூட்டவேண்டி வராதோ, பிள்ளை?

சீனி மெசின் வீட்டுக்கு வீடு வந்த பிறகும் எங்கள் வாசலில் வரிசை குறையவில்லை, ஐயா. மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. இங்கேதான் செய்கிறோம். வீட்டு மெசின் சரியா என்று சந்தேகம் வந்தால், அதையும் கொண்டு இங்கேதான் வருகிறார்கள். கிராபீன் கருவி வந்தாலும் முதல் வேலை, ஒரே ஆளின் ஒரே இரத்தத்தை இரண்டிலும் ஓட்டி ஒப்பிடுவதாகத்தான் இருக்கும்.

அதுவரை வெறும் வயிற்றுச் சீனிக்கு எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் வாருங்கள். தண்ணீர் குடிக்கலாம். "சீனி போடாத பிளேன்ரீதானே" என்பதும் கூடாது.